மூடி வைத்த காரை ஓட விடுங்கள்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கத்தில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிப்பிங்கோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எந்த ஊரில் இருந்தாலும் சரி, அப்பாவோ தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கராஜில் நிற்கிற நம் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அந்தக் காரை ஓட்டுங்கள். ஓட்ட நேரமில்லை, ஆசையில்லை என்றால் ஓட்டக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டில் எது என்று இந்த வருடமே முடிவு செய்யுங்கள். முடிவு செய்யாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் காரில் ஒரு பகுதியைத் தின்றுகொண்டிருக்கிறது.

நான் 1969-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ரொம்ப காலமாக வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன். தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனாலும் யார் வீட்டிலாவது பெரியவர் ஒருவர் தவறிப்போனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன் வரும். "அங்கிள், டாடியோட கார் ஒண்ணு நிக்குது. வந்து பாக்க முடியுமா?" போய்ப் பார்ப்பேன். டயர் நாலும் தரையோடு தட்டையாகக் கிடக்கும். மேலே போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்தால் பூஞ்சை வாசனை மூக்கில் அடிக்கும். பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள்: "டாடி எப்படி விட்டாரோ அப்படியே இருக்கு அங்கிள். நாங்க யாரும் தொடவே இல்ல." அவர்கள் மனதில் இருப்பது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காரைக் கெடுத்தது, தொடாமல் விட்டதுதான்.

நிற்கிற கார் எப்படிப் பாழாகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிஞ்சியது பிசுபிசுத்து, பழுப்பாகப் படிந்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் ஜெட் என்ற சின்னத் துளையை அடைக்கும். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் வேர்த்துத் துருப்பிடிக்கும். அந்தத் துரு உதிர்ந்து பம்பு வரைக்கும் போகும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான். மாற்றாமல் விட்டால் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகிவிடும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் கடைசியாக நின்றபோது எந்த வால்வு திறந்திருந்ததோ, அந்த சிலிண்டருக்குள் ஈரக்காற்று வருடக்கணக்கில் போய் வந்துகொண்டிருக்கும். அங்கே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பிடித்துக்கொள்ளும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். எலி வயரைக் கடிக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இதெல்லாம் மெதுவாக நடக்கும். நம்மில் பெரும்பாலோர் இருப்பது கடலோரம். உப்பும் புழுக்கமும் சேர்ந்து வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும்.

பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அடியில் சேரும் ஈரம் வெளியே போக வழியில்லை. பருத்தித் துணி போதும். பழைய படுக்கை விரிப்போ அம்மாவின் பருத்திப் புடவையோ போட்டால்கூடத் தூசு விழாது, காற்றும் போகும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்வேன். "வாரம் ஒரு தடவை கராஜிலேயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றோம்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் முழுசாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். அஞ்சு நிமிஷத்தில் அது சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து ஓட்டுவதால் எரியாத பெட்ரோல் வேறு ஆயிலில் கலக்கும். நிறுத்தியே வைத்திருப்பதைவிட இது மோசம். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ், டயர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஓட்டத்தில் வேலை கிடைத்துவிடும்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்ஜிபிக்குத் தனியாகச் சாசி என்ற அடிச்சட்டம் கிடையாது, பாடியே சாசி. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். கூரை இல்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. தண்ணீர் உள்ளே நின்று உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கதவைச் சாத்தி, கதவுக்கும் பின்பக்கப் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். இடைவெளி குறைந்தாலோ, கதவு திறக்காமல் இறுகினாலோ சில் போய்விட்டது. அந்தக் கார் நடுவில் மடிகிறது என்று அர்த்தம். அதை வெல்டிங் செய்யும்போதும் கார் வளையாமல் கீழே சரியாகத் தாங்கல் கொடுத்துக்கொண்டு செய்ய வேண்டும். அது தெரியாத கடையில் கொடுத்தால் கதவு அதற்கப்புறம் ஒரு நாளும் ஒழுங்காகச் சாத்தாது.

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. காரின் தகடு வேலை செய்யும் ஒரு பேனல் பீட்டர் கடையில் என் காரின் இடதுபக்கச் சில்லை மாற்றக் கொடுத்தேன். மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, அழகாகப் பெயிண்ட் அடித்துத் திருப்பித் தந்தார்கள். பின்னால் ஒரு நாள் காந்தம் வைத்துப் பார்த்தபோது அது ஒட்டவே இல்லை. துருப்பிடித்த தகட்டின் மேலேயே ஃபைபர் வலையும் புட்டியும் பூசி மூடியிருந்தார்கள். பணம் போனதைவிட, அந்தக் காரில் என் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. எந்தப் பழைய காரை வாங்கினாலும் விற்றாலும் ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பழைய காரை வைத்திருப்பதன் மற்ற தொல்லைகளையும் நான் மறைக்கப் போவதில்லை. எம்ஜிபிக்குப் பாகம் கிடைக்காமல் போகாது. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள்; 1988-இலிருந்து முழு பாடியையே இங்கிலாந்தில் மறுபடி புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கிருந்து வரவேண்டும். ராண்டைப் பவுண்டாக மாற்றும்போதே பாதி உயிர் போய்விடும். அதற்கு மேல் அனுப்பும் செலவு, சுங்கவரி, 15 சதவீத வாட். இவ்வளவும் கட்டி வாங்கிய ரப்பர் புஷ் ஒரே வருடத்தில் பிய்ந்துபோகும். பிளக்குக்கு மின்பொறி தரும் அமைப்பில் இருக்கும் கண்டென்சர், ரோட்டர் ஆர்ம் இரண்டும் புதிதாகச் செய்து விற்பவை என்றால் ரோட்டில் திடீரென்று கைவிடும். அதனால் நான் பழைய ஒரிஜினல் பாகத்தைத் தூக்கிப் போடுவதே இல்லை, காருக்குப் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். மின்சாரக் கோளாறு வந்தால் முக்கால்வாசி நேரம் காரணம் எர்த்தாக இருக்கும். கறுப்பு வயர் பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் விளக்கு எரியும். சரியாகச் சுரண்டவில்லை என்றால் நாள் முழுக்க வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேட்டரி எங்கே என்று தெரியாமலே பல பேர் பானெட்டுக்குள் தேடுவார்கள். எம்ஜிபியில் அது சீட்டுக்குப் பின்னால், தரையில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. பழைய வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி ரெண்டு. ஆசிட் வழிந்து அது உட்காரும் தட்டு அரித்துப் போயிருக்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் வேறு ஒரு தொல்லை. 3,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். இன்றைய கார்களில் இந்த வேலையே இல்லாததால், சர்வீஸுக்குக் கொடுத்தால் அந்தக் கிரீஸ் நிப்பிளைப் பார்ப்பாரே கிடையாது.

2006-க்கு முன்னால் நிறுத்திய கார் என்றால் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரியில் நின்றுபோனது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்துக்கொண்டிருந்தது. அது இல்லாத பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும். எவ்வளவு சரி செய்தாலும் வால்வு கிளியரன்ஸ் குறைந்துகொண்டே வருவதுதான் அறிகுறி. எஞ்சின் ஒர்க்ஷாப்பில் கடினமான சீட் வைத்துத் தந்துவிடுவார்கள். ஒரு தடவை செய்தால் போதும், அப்புறம் பயமில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அவரை ஓடுகிற நிலையில் உள்ள ஒரு காரில் காலை நேரத்தில் உட்காரவையுங்கள். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வரும். அது எஸ்யூ பெட்ரோல் பம்பு. கார்பரேட்டர் ரெண்டின் கிண்ணமும் நிறைய நிறைய அந்தச் சத்தம் மெதுவாகி, ஒற்றை டிக்காகி, நின்றுவிடும். நின்ற பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கார் வாயைத் திறந்து சொல்கிறது. இன்றைய கார்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதற்குக் காரணம் தெரிய ஒரு கம்ப்யூட்டரைச் செருக வேண்டும்.

ஹில்கிரெஸ்ட் தாண்டிப் பழைய மெயின் ரோட்டில் போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா என்று போய்ப் பாருங்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிற அதே பாதை. ஒரு பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். கூரையைத் திறந்து, மூணாவது கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஸ்டியரிங் வழியாக ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்கூட இருக்காது. அதிலேயே மனசு நிறைந்துவிடும். வழியில் குழந்தைகள் கையாட்டும். ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது பக்கத்து பக்கி என்ற சின்ன டிரக்கில் இருக்கும் பெரியவர் கண்ணாடியை இறக்கி, "இதே மாதிரி வண்டிதான் எங்க அண்ணன் வெச்சிருந்தார்" என்பார். பச்சை விழுந்த பிறகும் பேச்சு முடியாது.

அந்த அண்ணன்மார்களைப் பற்றி நினைத்துப் பாருங்கள். 1860-இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள். டர்பனின் மேகசின் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் இருந்த குடும்பங்களை, எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் பிடுங்கிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் நட்டது. அதே ஆண்டுகளில், நம்மில் சிலர் பழைய இரண்டாம்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை கூரையைத் திறந்து டர்பன் கடற்கரை ஓரமுள்ள மரீன் பரேடில் ஓட்டினார்கள். அந்தக் கடற்கரையில் தங்களுக்கென்று ஒதுக்கிய துண்டைத் தவிர வேறு எங்கும் இறங்கிக் குளிக்க அவர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் ரோடு இருந்தது. ரெண்டு சீட் உள்ள, எந்தக் குடும்ப உபயோகத்துக்கும் ஆகாத ஒரு காரை அந்த மனிதர் ஏன் வாங்கினார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

அந்தக் கார்களை ஓட வைத்த கைகள் இன்னும் சில உயிரோடு இருக்கின்றன. வெள்ளையருக்கு எளிதாகக் கிடைத்த தொழிற்பயிற்சி நம்மவர்களுக்குக் கிடைக்காத காலம் அது. ஒப்பந்தக் கூலியாக வந்து வியாபாரத்தில் முன்னேறிய எம்.எல். சுல்தானின் கொடையால் வளர்ந்த டெக்னிக்கல் காலேஜில் சிலர் மாலை வகுப்பில் படித்தார்கள். இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. மற்றவர்கள் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ வீட்டுக் கொல்லையில் மாமரத்தடியில் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்ற ஒரு பெரியவர்தான் எனக்கு இரட்டைக் கார்பரேட்டரைச் சமன்செய்யக் கற்றுக்கொடுத்தார். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு முழ நீள ரப்பர் குழாய், அவ்வளவுதான். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதல் கார்பரேட்டரின் வாயருகே பிடிப்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அப்புறம் அடுத்த கார்பரேட்டர். ரெண்டு சத்தமும் ஒரே அளவாகும்வரை திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். பிறகு கார்பரேட்டரின் அடியிலுள்ள ஊசியை விரலால் மெல்ல மேலே தள்ளி, உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குவார். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறி, உடனே பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. "காது சொல்றத கேளு தம்பி, கை அதுக்கப்புறம் போகட்டும்" என்பார்.

அவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பக் காரை அந்தக் காலத்தில் பார்த்துக்கொண்ட மெக்கானிக் யார் என்று விசாரியுங்கள். இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அந்தக் காரில் எதை மாற்றினார், எதை ஒட்டுப்போட்டார், எந்த போல்ட்டின் மரை கெட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமிருக்கும். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது. பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்து எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சரி, ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது. உற்சாகத்தில் வேறு காரிலிருந்து வயர் போட்டு உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். தூங்கிய எஞ்சினை அப்படி எழுப்பினால் ரிங் உடையும், பேரிங் போகும். பிளக் நாலையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, ரெண்டு பேராகக் காரை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் சுழன்றால் நிம்மதி. சுழலவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம், மறுபடி ஆயில் ஊற்றி இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் பழைய ஆயிலை வடித்து ஃபில்டரோடு மாற்றுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள், தீப்பிடிப்பது அங்கிருந்துதான். பேட்டரி போட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் மீட்டரில் முள் எழும்பும்வரை அடித்துவிட்டு, அதற்கப்புறம் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

ஸ்டார்ட் ஆனதும் கண்ணில் தண்ணீர் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் கேட்டைத் திறக்காதீர்கள். பிரேக்கை முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் அந்தக் கார் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. டயர் பூப்போல இருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது என்றும் ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2308 என்றிருந்தால் அது 2008-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. தேயாமலே கல்லாகிப் போயிருக்கும் அந்த ரப்பர் மழையில் காரைப் பிடித்து நிறுத்தாது.

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தவர்களுக்கும் என் மரியாதை குறையாது. ஆனால் அவசரப்படாதீர்கள். எழவு வீட்டு வாசலிலேயே கையில் நோட்டுக்கட்டோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஷீட்டுக்கு அடியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் மட்டுமே பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் உண்டு. கேப் டவுனில் 1958-இல் ஃபைபர்கிளாஸ் பாடியோடு வந்த ஜிஎஸ்எம் டார்ட் ஒன்று. ஃபோர்டு காப்ரிக்குள் பேசில் கிரீன் 5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துச் செய்த பெரானா ஒன்று. பிரிட்ஸ் ஊரிலிருந்த ஆல்ஃபா ரோமியோ தொழிற்சாலையில், அப்போது இத்தாலியில்கூட விற்காத 3 லிட்டர் எஞ்சினோடு பந்தயத்துக்காகச் செய்த ஜிடிவி6 ஒன்று. உங்கள் வீட்டில் நிற்பது இவற்றில் ஒன்றாக இருந்தால் எஞ்சின் எண், சாசி எண் ரெண்டையும் எழுதிக்கொண்டு விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். பெரானாவில் போலி நிறைய உண்டு, அதனால் அப்பா வைத்திருந்த பழைய பில்லும் புகைப்படமும்கூட மதிப்புள்ளவை.

சாதாரண எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர், டாட்சன் என்றால் விலையைப் பற்றிக் கனவு காணாதீர்கள். வெளிநாட்டு ஏலத்தில் பளபளக்கும் கார் ஒன்று போன விலையைப் பார்த்துவிட்டு, சில் போன காருக்கு அதே விலை கேட்டுக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கடைசியில் ஸ்கிராப் யார்டுக்காரர்தான் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டப்போகிற இளைஞனுக்குக் கொடுங்கள். பிரித்துப் பாகம் பாகமாக விற்க மட்டும் சம்மதிக்காதீர்கள். காரோடு அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டின்களையும் கொடுங்கள். அதிலிருக்கும் பித்தளைத் துண்டுகள் உங்களுக்குக் குப்பை, வாங்குபவருக்கு ஒரு வருட வேலை.

அண்ணன் தம்பிகள் ஆளுக்குப் பாதி என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன். அப்பா வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது யார், 9/16 ஸ்பானரைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது மகளாக இருந்திருக்கும். ஆனால் கார் பிள்ளைக்குத்தான் என்று பேசி, சிட்னியில் இருக்கும் மகனுக்காக அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். இங்கேயே இருக்கிற, அந்தக் காரை அறிந்த பெண்ணிடம் சாவியைக் கொடுங்கள். அவள் ஓட்டுவாள், அதன் நுணுக்கமும் அவளுக்குத் தெரியும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இறந்தவர் பெயரில் உள்ள காரை மாற்ற உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்திலிருந்து சொத்தை நிர்வகிக்கும் அதிகாரக் கடிதம் வேண்டும். கார் ஓடாமல் நின்றாலும் லைசென்ஸ் கட்டணமும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். பெயர் மாற்றும்போது, கார் ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்தி சான்றிதழ் எடுத்தாக வேண்டும். பதிவுப் புத்தகத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. என்னைத் தெரிந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். தெரியாதவர்கள் உங்கள் ஊரில் பழைய கார் ஓட்டுகிற யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், மறுக்கவே மாட்டார். வரும்போது ஜாக்கி, டார்ச், காந்தம் எல்லாம் நாங்களே கொண்டு வருவோம். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்குப் பெரும்பாலும் தனிச் சாவி இருக்கும், அதையும் சேர்த்துத் தேடுங்கள்.

அன்புடன்,
ரிசர்வார் ஹில்ஸிலிருந்து ஒரு எம்ஜிபி சொந்தக்காரன்